‘இடமில்லை’ என்ற பதிலின் வரலாறு

மறுசந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டார்கள். ஹாஸ்டல் நாட்களைப் பற்றியும் மெஸ் சாம்பாரைப் பற்றியும் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் என் தொழில் சம்பந்தமாக எழுதுகிறேனே என்றேன். “தாராளமா எழுதுங்க, ஆனா சிவில்காரனுக்கும் புரியணும்” என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். ஆகவே முடிந்தவரை எளிமையாகவே சொல்ல முயல்கிறேன். கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும், உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போன் உட்பட, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையத்தில் கெர்னல் என்று ஒரு பகுதி உண்டு. மற்ற புரோகிராம்கள் எல்லாம் மெமரி வேண்டுமென்றால் இதனிடம்தான் கையேந்த வேண்டும். கெர்னலுக்கே தன் சொந்த வேலைக்கும் மெமரி தேவை. ஒரு ஃபைலைத் திறந்தால் அதைப் பற்றிக் குறித்து வைக்க இடம் வேண்டும். நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் வந்தால் அதை இறக்கி வைக்க இடம் வேண்டும். கேட்கும் நேரத்தில் காலியிடம் இல்லையென்றால்? சாதாரண புரோகிராம் “மெமரி போதவில்லை” என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டு போய்விடலாம். கெர்னல் அப்படிப் போக முடியாது. அது விழுந்தால் மேலே நிற்கும் அத்தனையும் சேர்ந்து விழும்.

இந்த ஒரு கேள்விக்குக் கடந்த அறுபது வருடங்களாகப் பெரிய பெரிய மூளைகள் பதில் தேடிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நிலவுக்குப் போன அலாரம்

1969 ஜூலை 20. ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் ஈகிள் என்ற கலத்தில் நிலவை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று கம்ப்யூட்டர் திரையில் 1202 என்று ஒரு எண் வருகிறது. ஹூஸ்டனைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்கிறார்கள்.

இந்தச் சம்பவம் நிறையப் பேருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் 1202 என்றால் மெமரி கேட்டுக் கிடைக்கவில்லை என்பதன் குறியீடு என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கம்ப்யூட்டரில் மாற்றி எழுதக்கூடிய நினைவகம் மொத்தமே 2048 சொற்கள், அதாவது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 4 கே.பி. எம்.ஐ.டி.யில் ஹால்கோம்ப் லேனிங் என்பவர் வடிவமைத்த ‘எக்ஸிக்யூட்டிவ்’ என்ற பகுதிதான் அதன் கெர்னல் மாதிரி. புதிதாக ஒரு வேலை வந்தால் அதற்கு 12 சொற்கள் கொண்ட ‘கோர் செட்’ என்ற இடத்தை ஒதுக்கும். பெரிய கணக்கு போடும் வேலை என்றால் கூடுதலாக 44 சொற்கள் கொண்ட இன்னொரு இடம். முதல் வகை தீர்ந்துபோனால் 1202 அலாரம், இரண்டாவது தீர்ந்துபோனால் 1201.

ஏன் தீர்ந்தது? ராண்டவூ ரேடார் என்ற கருவியின் மின் இணைப்பில் இருந்த ஒரு பொருத்தமின்மையால், அது ஓயாமல் கம்ப்யூட்டருக்குத் தேவையற்ற சிக்னல்களை அனுப்பி நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. முதல் வேலை முடிவதற்குள் அடுத்த வேலை வந்து நின்றது. உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, வாசலில் ஆள் சேர்ந்துகொண்டே போனது. கடைசியில் இடம் தீர்ந்தது.

எக்ஸிக்யூட்டிவ் அப்போது செய்த காரியம்தான் நாம் கவனிக்க வேண்டியது. வரிசையில் இருந்த எல்லா வேலைகளையும் துடைத்துப் போட்டுவிட்டு ஒரு நொடிக்குள் மறுபடி ஆரம்பித்தது. எந்த வேலை எந்தக் கட்டத்தில் இருந்தது என்று முன்பே குறித்து வைத்திருந்ததால், கலத்தை இறக்கும் முக்கியமான வேலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சில்லறை வேலைகள் கைவிடப்பட்டன. இறங்கும்போது 1202 நான்கு தடவையும் 1201 ஒரு தடவையும் வந்தது. ஐந்து தடவையும் சமாளித்தது.

இதில் இன்னொரு அத்தியாயமும் உண்டு. அதே ஜூலை 5-ஆம் தேதி தரையில் நடந்த ஒத்திகையில் பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே 1201 அலாரத்தை வரவழைத்தார்கள். வழிகாட்டும் அதிகாரி ஸ்டீவ் பேல்ஸுக்கு அது என்னவென்று தெரியாததால் பயணத்தை ரத்து செய்யச் சொல்லிவிட்டார். ரத்து செய்திருக்கத் தேவையே இல்லை என்று பிறகு தெரிந்தது. உடனே விமான இயக்குநர் ஜீன் கிரான்ஸ், எல்லா அலாரத்துக்கும் என்ன செய்வது என்று ஆராய்ந்து எழுதி வைக்கச் சொன்னார். ஜாக் கார்மன் என்ற 24 வயது இன்ஜினீயர் கையால் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டார். பதினைந்தே நாளில் அந்தப் பட்டியல் பயன்பட்டது. அடுத்தடுத்து விடாமல் வராதவரை பயமில்லை, இறங்கலாம் என்று அதை வைத்துத்தான் சொன்னார்கள்.

இந்த ஒத்திகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

யூனிக்ஸின் ‘பேனிக்’

இனி பூமிக்கு வருவோம். 1975-இல் பெல் லேப்ஸிலிருந்து யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு வெளிவந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் அதன் கெர்னலை வரி வரியாக விளக்கி மாணவர்களுக்குக் குறிப்பு எழுதினார். லைசென்ஸ் கெடுபிடியால் வெகுகாலம் அச்சில் வராமல் உலகம் முழுக்க ஜெராக்ஸிலேயே சுற்றிய நூல் அது. 1996-இல்தான் முறையாகப் புத்தகமாக வந்தது. செமஸ்டருக்கு முதல் நாள் ஜெராக்ஸ் கடையில் நின்றவர்களுக்கு அந்தப் பெருமை புரியும்!

அந்த கெர்னலில் பெரும்பாலான விஷயங்களுக்கு இடம் முன்கூட்டியே அளந்து வைக்கப்பட்டிருந்தது. ஒரே நேரத்தில் 50 புராசஸ், 100 திறந்த ஃபைல், டிஸ்க்குக்கு 15 பஃபர். 51-வது புராசஸ் கேட்டால் “இப்போது முடியாது, பிறகு வா” என்ற அர்த்தத்தில் ஒரு பிழை எண் திரும்பி வரும். ஃபைல் அட்டவணை நிரம்பினால் கன்சோலில் ஒரு வரி அச்சாகும், கேட்டவருக்கு மறுப்பு போகும். கணக்காக நடத்தும் சத்திரம் மாதிரி. ஐம்பது பாய்தான் இருக்கிறது, ஐம்பது பேருக்குத்தான் படுக்கை.

ஆனால் ஓரிடத்தில் மட்டும் பதில் கிடையாது. மெமரியில் இருக்கும் ஒரு புரோகிராமை டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும், டிஸ்க்கிலும் ஸ்வாப் இடம் இல்லை என்றால் கெர்னல் ‘பேனிக்’ என்ற ஃபங்ஷனைக் கூப்பிடும். அது டிஸ்க்கில் எழுத வேண்டியதை எழுதிவிட்டு, திரையில் காரணத்தை ஒரு வரி போட்டுவிட்டு, சும்மா சுற்றிக்கொண்டே நிற்கும். அவ்வளவுதான், மெஷின் காலி. யாராவது வந்து மறுபடி கிளப்ப வேண்டும். பக்கத்து அறையிலேயே ஆள் இருக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

காத்திருப்பவரும் காத்திருக்க முடியாதவரும்

எண்பதுகளில் நெட்வொர்க் வந்தது, மெமரி பெருகியது, அளந்து வைத்த அட்டவணைகள் கட்டுப்படியாகவில்லை. தேவைப்படும்போது தேவைப்பட்ட அளவு எடுத்துக்கொள்ளும் முறை கெர்னலுக்குள்ளும் வர வேண்டியதாயிற்று. 1988-இல் பெர்க்லியின் மெக்குசிக்கும் கேரல்ஸும் பி.எஸ்.டி. கெர்னலுக்கு ஒரு பொது மெமரி ஒதுக்கியை எழுதி வெளியிட்டார்கள். அதில் மெமரி கேட்பவர் கூடவே ஒன்றையும் சொல்ல வேண்டும்: “இல்லையென்றால் காத்திருக்கிறேன்” என்றா, “காத்திருக்க முடியாது” என்றா.

இது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். ஹோட்டலில் டேபிள் காலியில்லை என்றால் “அஞ்சு நிமிஷம் இருங்க சார், இப்ப எந்திரிச்சிடுவாங்க” என்பார்கள். நாம் நிற்போம். ஓடும் டவுன் பஸ்ஸில் அப்படி முடியாது. “இடமில்ல, அடுத்த வண்டியில வாங்க” என்று விசிலடித்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான். கெர்னலில் ஒரு பயனாளருக்காக ஃபைல் திறக்கும் பகுதி காத்திருக்கலாம். நெட்வொர்க் கார்டு “பாக்கெட் வந்தாச்சு” என்று கதவைத் தட்டும்போது ஓடும் இன்டரப்ட் பகுதி காத்திருக்கவே கூடாது, அது தூங்கினால் மெஷினே தூங்கிவிடும். அது “இல்லை” என்ற பதிலை வாங்கிக்கொண்டு, பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு நகர வேண்டும். அனுப்பியவர் மறுபடி அனுப்பிக்கொள்வார்.

இன்றைய லினக்ஸில் ஜி.எஃப்.பி. கெர்னல், ஜி.எஃப்.பி. அட்டாமிக் என்று கேட்கும் இரண்டு முறைகளும் இதே பாகுபாடுதான்.

மெமரி கிடைக்காதபோது திரும்பி வரும் வெறும் மதிப்புக்கு ‘நல்’ என்று பெயர். தமிழில் எழுதும்போது நல்ல வார்த்தையாகத் தெரிகிறது. அதைச் சோதிக்காமல் பயன்படுத்துகிறவருக்கு அது நல்ல செய்தி அல்ல.

பத்திரிகை ஆயிரம், இலை முந்நூறு

1991-இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸை எழுத ஆரம்பித்தார். அவருடைய மெஷினில் இருந்தது 4 எம்.பி. மெமரி. ஆரம்ப கால லினக்ஸில் மெமரி தீர்ந்தால் தீர்ப்பு எளிமையானது. அந்த நிமிடத்தில் யார் கேட்டாரோ அவருக்கு முடிவு கட்டிவிடும். 1992 ஜனவரியில் வந்த 0.12 பதிப்பில் டிஸ்க்குக்குப் பக்கங்களை மாற்றும் வசதி வந்து நெருக்கடி கொஞ்சம் தணிந்தது.

“கேட்டவன் சாகட்டும்” என்பதில் ஒரு அநியாயம் இருக்கிறது. மெமரியை எல்லாம் விழுங்கியவன் ஒருவனாக இருப்பான், கடைசியில் ஒரே ஒரு பக்கம் கேட்ட அப்பாவி மாட்டிக்கொள்வான். இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. யூனிக்ஸில் ஒரு புரோகிராம் தன்னைப் போலவே ஒரு நகலை உண்டாக்கித்தான் புதிய புரோகிராமை ஓட்டும். 1000 எம்.பி. பிடித்திருக்கும் புரோகிராம் நகல் எடுத்தால் இன்னொரு 1000 எம்.பி. வேண்டும். ஆனால் அந்த நகல் அடுத்த கணமே வேறு சின்னப் புரோகிராமாக மாறிவிடும், அந்த இடம் பெரும்பாலும் தேவையே படாது. ஆகவே லினக்ஸ் கையில் இருப்பதைவிட அதிகமாகவே வாக்குக் கொடுக்கப் பழகிக்கொண்டது.

நம் ஊர்க் கல்யாணத்தில் ஆயிரம் பத்திரிகை கொடுப்போம், ஒரு பந்திக்கு முந்நூறு இலை போடுவோம். எல்லாரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை. பெரும்பாலும் பலிக்கும். ஒரு நாள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வந்து இலையில் உட்கார்ந்துவிட்டால்? லினக்ஸ் கண்ட வழி நமக்குக் கேட்கவே கூசும்: சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவரை இலையிலிருந்து எழுப்பி வெளியே அனுப்புவது.

இதுதான் பிரசித்தி பெற்ற ‘ஊம் கில்லர்’. நெதர்லாந்தைச் சேர்ந்த ரிக் வான் ரீல் 1998-இல் எழுதத் தொடங்கி, 2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பில் இடம்பெற்றது. யாரை எழுப்புவது என்பதற்கு அவர் ஒரு மதிப்பெண் முறை வைத்தார். அதிக மெமரி பிடித்திருந்தால் மதிப்பெண் ஏறும். நெடுநேரம் ஓடி நிறைய வேலை செய்திருந்தால் இறங்கும். நிர்வாகியின் புரோகிராம் என்றால் இன்னும் இறங்கும். குறைந்த உழைப்பு வீணாக வேண்டும், நிறைய மெமரி மீள வேண்டும், ஒருவரோடு போக வேண்டும் என்பது நோக்கம். 2010-இல் இந்தக் கணக்கு எளிமையாக்கப்பட்டது. இன்று எந்தப் புரோகிராமைத் தொடவே கூடாது என்று நிர்வாகியே குறித்து வைக்கலாம்.

எல்லாரும் இந்த வழியில் போகவில்லை. 1993-இல் வந்த விண்டோஸ் என்.டி. மெமரியும் டிஸ்க்கில் ஒதுக்கிய இடமும் சேர்ந்து எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டுமே வாக்குக் கொடுத்தது. ஐ.பி.எம்.மின் ஏ.ஐ.எக்ஸ். கொல்வதற்கு முன் ‘அபாயம்’ என்று எல்லாப் புரோகிராம்களுக்கும் ஒரு சிக்னல் அனுப்பியது. லினக்ஸிலும் கறாராகக் கணக்குப் பார்க்கும் முறையை வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். முதலிலேயே “இல்லை” என்று சொல்வதா, பிறகு ஒருவரைப் பலி கொடுப்பதா என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு கிடையாது.

செல்போனில் ஒரு ஆப்பை விட்டு இன்னொன்றுக்குப் போய் அரை மணி கழித்துத் திரும்பினால், சில சமயம் அது முதலிலிருந்து ஆரம்பிக்கிறதல்லவா? பின்னால் இருந்த அதை ஆண்ட்ராய்டு எழுப்பி அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். 2018 கடைசியில் வந்த லினக்ஸ் 4.20 முதல், மெமரிக்காக எத்தனை நேரம் வேலைகள் தடைப்படுகின்றன என்பதை கெர்னல் அளந்து சொல்கிறது. முற்றிலும் தீரும் முன்பே நடவடிக்கை எடுக்க இந்த அளவு உதவுகிறது.

வாசலை அடைத்தவர்கள்

2014 டிசம்பரில் கெர்னல் எழுதுகிறவர்களிடையே ஒரு பெரிய விவாதம் கிளம்பியது. டெட்சுவோ ஹண்டா என்ற ஜப்பானியர், மெமரி தீர்ந்த நிலையில் மெஷின் அப்படியே உறைந்துபோவதைக் காட்டினார். காரணத்தைத் தோண்டியபோது, பலருக்கு மறந்துபோன ஒரு விதி வெளியே வந்தது. எட்டுப் பக்கங்கள், அதாவது 32 கே.பி. வரையிலான சிறிய கோரிக்கைக்கு, காத்திருக்கச் சம்மதித்தவரிடம் கெர்னல் “இல்லை” என்று சொல்வதே கிடையாது! கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றி முயன்றுகொண்டே இருக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விளைவைப் பாருங்கள். ஃபைல் சிஸ்டத்தில் ஒருவர் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு மெமரிக்காகக் காத்திருக்கிறார். ஊம் கில்லர் வேறொருவரை வெளியே போகச் சொல்கிறது. அவரோ வெளியே போக அந்தப் பூட்டு திறக்க வேண்டும் என்று நிற்கிறார். அடுத்த பந்திக்குக் காத்திருப்பவர்கள் வாசலை அடைத்து நிற்பதால் சாப்பிட்டவர்கள் கை கழுவப் போக முடியாத நிலை. இருவரும் நகரவில்லை.

சரி, விதியை எடுத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். கெர்னலில் எண்ணற்ற இடங்களில் “நல்” வந்தால் என்ன செய்வது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பல வருடங்களாக அந்த வரிகள் ஒரு தடவைகூட ஓடியதில்லை. திடீரென்று ஓடினால் சரியாக ஓடும் என்று யார் உத்தரவாதம் தருவது? 2015 மார்ச்சில் பாஸ்டனில் கூடிப் பேசியும் விதியை முழுதாக மாற்றத் துணியவில்லை. பதிலாக, 2016 மே மாதம் 4.6 பதிப்பில் மைக்கேல் ஹோக்கோ எழுதிய ‘ஊம் ரீப்பர்’ வந்தது. வெளியே போகச் சொன்னவர் நகரும்வரை காத்திராமல் அவர் இலையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

இதற்கெல்லாம் முன்பே, 2001 கடைசியில், இங்கோ மோல்னார் ‘மெம்பூல்’ என்ற ஏற்பாட்டைச் சேர்த்திருந்தார். மெமரியைக் காலி செய்ய வேண்டுமானால் அதிலிருப்பதை டிஸ்க்கில் எழுத வேண்டும். டிஸ்க்கில் எழுதவோ கொஞ்சம் மெமரி வேண்டும். ஆகவே அந்த வேலைக்கென்று சிறிதளவை முன்பே ஒதுக்கி வைத்துவிடுவது. நம் அம்மாக்கள் அஞ்சறைப் பெட்டியில் முடிந்து வைத்த பணம் மாதிரி, மற்ற செலவுக்கு அதில் கை வைக்கக் கூடாது. விண்டோஸிலும் பழைய காலத்தில் ‘தவறாமல் கிடைக்கும்’ என்று ஒரு சிறு மெமரித் தொகுப்பு இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று விட்டதால் அதுவும் தீர்ந்துபோகும், தீர்ந்தால் நீலத்திரை. எக்ஸ்.பி. காலத்தில் டிரைவர்கள் அதைத் தொடக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

மறுபடியும் ஒத்திகை

என் தொழிலிலும் இதைப் பார்த்திருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் சின்ன நெட்வொர்க் பெட்டிகள் செய்தோம். லேபில் மாதக்கணக்கில் ஓடும் பெட்டி, ஒரு வாடிக்கையாளர் இடத்தில் மட்டும் வாரம் ஒரு தடவை உறைந்துபோகும். “உங்க பெட்டியே சரியில்ல” என்று போனில் திட்டு வாங்குவது எங்கள் டீமின் தினசரி வேலையானது. கடைசியில் காரணம், வெளியிலிருந்து வாங்கிய ஒரு டிரைவரில் இருந்தது. மெமரி கிடைக்காத நேரத்தில் ஒரே பஃபரை இரண்டு தடவை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மெமரி தாராளமாக இருந்த எங்கள் லேபில் அந்த வரிகள் ஓடியதே இல்லை. திருத்தம் இரண்டே வரி. கண்டுபிடிக்கத்தான் ஒரு மாதம் ஆயிற்று.

இதற்கு மருந்து வெகுகாலமாகக் கைவசம் இருக்கிறது. 2000-இல் விண்டோஸில் வந்த டிரைவர் வெரிஃபையர், மெமரி இருக்கும்போதே வேண்டுமென்றே “இல்லை” என்று சொல்லிச் சோதிக்கும். 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20-இல் அகினோபு மிடா எழுதிய இதே போன்ற வசதி சேர்ந்தது. நூற்றில் இத்தனை தடவை பொய்யாக மறு என்று கெர்னலுக்கே உத்தரவு போடலாம். 1969 ஜூலை 5-ஆம் தேதி ஹூஸ்டன் பயிற்சியாளர்கள் செய்ததும் இதேதான். எங்கள் லேபில் பிறகு இதைப் போட்டு ஓட்டினோம். முதல் நாளே இன்னும் சில ஓட்டைகள் தெரிந்தன.

கேள்வி இன்னும் தீரவில்லை. ரஸ்ட் என்ற புதிய மொழியை லினக்ஸ் கெர்னலில் சேர்க்கலாமா என்று 2021-இல் பேச்சு வந்தபோது, டோர்வால்ட்ஸ் எழுப்பிய முக்கியமான ஆட்சேபங்களில் ஒன்று இதுவே. சாதாரண ரஸ்ட் புரோகிராமில் மெமரி கிடைக்காவிட்டால் புரோகிராம் அப்படியே நின்றுவிடும். கெர்னலில் அது நடக்கவே கூடாது என்றார். மெமரி கேட்கும் ஒவ்வோர் இடத்திலும் “இல்லை” என்ற பதிலைக் கையாண்டே தீர வேண்டும் என்ற வகையில் மாற்றி எழுதித்தான், 2022 டிசம்பரில் 6.1 பதிப்பில் ரஸ்ட்டுக்கு இடம் கொடுத்தார்கள்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் படிக்கும் டைனோசர் அட்டைப் புத்தகத்தில் மெமரி ஒதுக்குவதைப் பற்றி அத்தியாயம் அத்தியாயமாக இருக்கிறது. கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பதை எழுதிப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த புராஜெக்டில் ஒரு கெர்னல் மாட்யூல் எழுதினால், டெமோவுக்கு முன் அந்தப் பொய் மறுப்பு வசதியைப் போட்டு ஒரு ராத்திரி ஓட்டிப் பாருங்கள். எடுத்ததை எல்லாம் எடுத்த வரிசைக்கு எதிர் வரிசையில் திருப்பிக் கொடுத்து, கேட்டவருக்குப் பிழை எண்ணைச் சொல்லிவிட்டு, மெஷின் நிற்காமல் ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஓடினால் உங்கள் மாட்யூலை நம்பி அடுத்தவர் கையில் கொடுக்கலாம். இதில் சந்தேகம் இருப்பவர்கள் விழா நாளன்று மதியச் சாப்பாட்டு வரிசையில் என்னைப் பிடிக்கலாம். எத்தனை இலை போடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு அங்கேதான் நிற்பேன்.